தட்டிப் பார்த்து வாங்கிய டபுள் பேரல்

என் பெயரில் துப்பாக்கி லைசன்ஸ் இருக்கிறது. எழுதும்போதே கை தயங்குகிறது. ஆனாலும் இருக்கிறது, அதில் என் போட்டோவும் இருக்கிறது.

கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசிப் பந்தியில் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவள் நான். ரேஷன் கடையில் என் முறை வந்தாலும் பின்னால் நிற்பவர் கொஞ்சம் முறைத்தால் வழி விட்டுவிடுவேன். கேம்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. அப்படிப்பட்ட கிழவிக்கு டபுள் பேரல் எதற்கு என்று ஊரிகத்தில் எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைன் முழுக்கக் கேட்டாகிவிட்டது. அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

பூதிகோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. தங்கச் சுரங்கம் மூடியபோது வீட்டுக்காரருக்கு வந்த செட்டில்மெண்டில் வாங்கியது. கடலையும் ராகியும் போடுவோம், ஓரத்தில் நாலு மாமரம். அவர் போன பிறகு நான்தான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாகக் கடலை காய் பிடிக்கிற நேரம் பார்த்து விடியற்காலையில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்குகின்றன. ஏர்கூட அவ்வளவு ஆழம் போகாது, அப்படிக் கிளறிவிட்டுப் போகின்றன. தகரம் தட்டினோம். பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டினோம். பட்டாசு வாங்கிப் போட்டோம், பாதி நமுத்துப்போனது, மீதி வெடித்தபோது பன்றிகள் நின்று பார்த்தன. துப்பாக்கிச் சத்தத்துக்கு மட்டும் அவை நிற்பதில்லை என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் சொல்கிறார்கள். பன்றியைச் சுடுவதற்குச் சட்டம் வேறு, எனக்கு அந்த ஆசையும் இல்லை. வானத்தைப் பார்த்து ஒன்று விட்டால் போதும்.

"நிலத்தை மனை போடற லேஅவுட்காரனுக்குக் குடுத்துட்டு நிம்மதியா உக்காரு" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

வீட்டுக்காரர் இருந்த காலத்தில் ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அதுவும் டபுள் பேரல்தான், இங்கிலீஷ் சாமான். எங்கள் ஊரில் ஒரு பொருளை இங்கிலீஷ் சாமான் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அதை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஆண்களை ஷாஃப்டுக் குழிக்குள் இறக்கிய கேஜ் கூண்டும் அதை இழுத்த இன்ஜினும் இங்கிலீஷ் சாமான். என் மாமனாரை இறக்கியதே என் வீட்டுக்காரரையும் இறக்கியது. இரண்டு பேரையும் ஷிஃப்ட் முடிந்ததும் மேலே கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பியது. அந்த நன்றியில் எங்கள் ஜனங்கள், லண்டன் என்று நாலு எழுத்து பொறித்திருந்தால் பூட்டோ கட்டிலோ கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அவரும் அப்படித்தான் துப்பாக்கி வாங்கினார்.

அவர் சுரங்கத்தில் டிம்பர்மேன். குண்டு வைத்து உடைத்த இடத்துக்கு மற்றவர்கள் போகுமுன் இவர் போய்க் கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டிப் பார்க்க வேண்டும். ணங்கென்று சத்தம் வந்தால் பாறை நிற்கும். பொத்தென்று வந்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மரம் முட்டுக்கொடுக்காமல் யாரும் அதன்கீழ் நிற்கக் கூடாது. அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பானை வாங்கினால் தட்டுவார். செங்கல் இறக்கினால் தட்டுவார். தேங்காய்க் கடையில் கடைக்காரர் திட்டும்வரை தட்டுவார். மகள் பிறந்தபோது குழந்தையின் முதுகைக்கூட விரலால் தட்டிப் பார்த்தார், என் மாமியார் கையில் அடித்தார்.

அந்தத் துப்பாக்கியை மட்டும் அவர் தட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் நிலத்தில் வைத்துச் சுட்டபோது இடது பேரல் பக்கவாட்டில் பிளந்துகொண்டது. இடது கையில் இரண்டு விரல் போனது. ஒரு காதும் அன்றோடு மந்தம்.

துப்பாக்கி ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் பங்காருப்பேட்டையிலிருந்து வந்து பிளந்த பேரலைப் பார்த்தார். அவர் பேசியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரண்டு பேரலையும் சேர்த்துப் பிடித்திருப்பது நடுவில் ஓடுகிற ஒரு பட்டை. அதை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்களாம். பற்று எங்காவது விட்டுப்போனால் பட்டைக்கு அடியில் ஈரம் இறங்கும். மேலே பளபளவென்று இருக்கும்போதே அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். பேரல் சுவர் மெலிந்து மெலிந்து ஒருநாள் தாங்காது.

"பேரலைத் தனியா கழட்டி, விரல்ல தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டியிருந்தா அதுவே சொல்லியிருக்கும்யா" என்றார். "பற்று நல்லா இருந்தா சத்தம் இழுத்துக்கினே போவும். விட்டுப்போயிருந்தா செத்த சத்தம் வரும். அப்புறம் வெளிச்சத்துல புடிச்சு உள்ள பாக்கணும், வளையம் வளையமா தெரியும். ஒரு வளையம் கோணினாலும் அங்க அடி வாங்கிக்கீதுன்னு அர்த்தம்."

வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தட்டித் தட்டித்தான் இத்தினி வருஷம் பொழச்சேன்" என்றார். "இதைத் தட்டணும்னு தோணல."

அந்தப் பெரியவர் இன்னும் பலதும் சொன்னார். பழைய துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை சின்னதாக இருக்கும், இப்போதைய நீளத் தோட்டாவைப் போட்டால் ஆபத்து என்றார். பேரலை மூடிப் பிடித்துக் குலுக்கினால் கடகட என்று ஆடக் கூடாது என்றார். என்னிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாம் எனக்குத்தான் மனசில் நின்றது. கதவுக்குப் பின்னால் நிற்பவளுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை என்ன.

பன்றிகள் இரண்டாம் வருடக் கடலையையும் தின்ற பிறகு நான் லைசன்ஸுக்கு மனு போட்டேன். விசாரணைக்கு வந்தவர், "மகன் இல்லியாம்மா?" என்று கேட்டார்.

"மகள் கீறா. ஆனா நிலத்துக்குப் போறது நானு."

அவர் எழுதிக்கொண்டார். போலீஸ் மைதானத்தில் துப்பாக்கிப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். போனேன். என் பேரன் வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், கடைசியில் நான். சொல்லிக்கொடுத்தவர் கன்னடக்காரர். "அஜ்ஜி, கண்ணு முச்சபேடி" என்று ஒவ்வொரு முறையும் கத்துவார். கண்ணை மூடாதே பாட்டி என்று. முதல் நாள் துப்பாக்கியின் பின்கட்டை உதைத்துத் தோள் நீலம் பாய்ந்துவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் கண்ணை மூடவில்லை. சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

லைசன்ஸும் வந்தது, கெடுவோடு வந்தது. இந்தத் தேதிக்குள் துப்பாக்கியை வாங்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் லைசன்ஸ் போய்விடும். மறுபடி மனு, மறுபடி விசாரணை. என் வயதில் இன்னொரு முறை கிடைக்குமென்று நான் நம்பவில்லை. லைசன்ஸ் போனால் மூன்றாம் வருடக் கடலையும் பன்றிக்கு. அதற்கப்புறம் லேஅவுட்காரன் வாசலில் வந்து நிற்பான்.

துப்பாக்கி பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை என் கொழுந்தனார் தானாகவே எடுத்துக்கொண்டார். அவர் சுரங்கத்தில் வாட்ச் அண்ட் வார்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். கேட்டில் தோளில் துப்பாக்கியோடு நின்ற காலத்தைப் பற்றி இன்றும் பேசுவார். என் மகள் பெங்களூருக்கு தினம் ரயிலில் போய் வேலை செய்கிறவள், வாய் ஜாஸ்தி.

"சித்தப்பா, நீங்க ஒரு தடவையாவது சுட்டிருக்கீங்களா?"

"சுடறதுக்கா துப்பாக்கி குடுத்தாங்க? தூக்கிக்கினு நின்னாலே போதும், திருடன் ஓடிடுவான்."

"அப்ப அம்மாவுக்கும் ஒரு கட்டை வாங்கிக் குடுத்துடலாம்."

அவர் விடவில்லை. மகளின் போனில் துப்பாக்கி விற்கிற கடைக்காரர்களின் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். நம் நாட்டுச் சாமான் என்றால் தள்ளு. இங்கிலீஷ் எழுத்து தெளிவாக இல்லையென்றால் தள்ளு. இப்படித் தள்ளித் தள்ளியே கெடுவில் பெரும்பகுதி தீர்ந்துபோனது. கடைசியில் ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணி, இத பாருங்க. லண்டன் பீஸு. சைடுல நாய்கூட செதுக்கிக்கீறான்."

பெங்களூரில் ஒரு கடைக்காரர் போட்டிருந்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆன டபுள் பேரல். ஒன்பது போட்டோ. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கட்டை தேன் நிறம். இரும்புத் தகட்டில் ஒரு நாய் முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, எதிரே புதரிலிருந்து இரண்டு பறவைகள் கிளம்புகின்றன. லைனில் அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து போனை வாங்கிப் பார்த்தார்கள். "இது இன்னா நாயி, நம்ம கேம்ப் துரை வீட்ல இருந்த மாதிரியே கீது" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நாயைப் பார்த்தே பாதி ஊர் அதை வாங்கிவிட்டது.

நான் மகளிடம் எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் சோப்பின்மேல் இருக்கும் எழுத்து இரண்டு நாள் குளித்த பிறகு எப்படி இருக்கும் என்று தெரியும். அப்படித்தான் இருந்தது. யாரோ நன்றாகத் தேய்த்து மறுபடி கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். அதே கடைக்காரரின் கடைசிப் பக்கம்வரை மகளைத் தள்ளச் சொன்னேன், அங்கே இருட்டாக ஒரே போட்டோவோடு இன்னொரு டபுள் பேரல் இருந்தது.

"நாய் நல்லாத்தான் கீது தம்பி" என்றேன். "உள்ள எப்படி கீதுன்னு போட்டோ போடலயே."

"உள்ள இன்னா கீது அண்ணி, ஓட்டைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அதுதான் என் கெட்ட பழக்கம். சிரித்தால் சரி என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். அன்று சாயங்காலமே அட்வான்ஸ் அனுப்பிவிடலாம் என்று கொழுந்தனார் கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்துவது போல, "தட்டிப் பாக்காம வேணாம்" என்றேன்.

"எப்படித் தட்டுவீங்க, போன்லயா?"

"போன்லயே தட்டிக் காட்டச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ போன் போட்டாள். கடைக்காரர் தெரிந்தார், மூக்குக் கண்ணாடி, பின்னால் கண்ணாடி அலமாரி. கொழுந்தனார் போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பேரலைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டச் சொல்லச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கழற்றினார், விரலில் மாட்டினார், பேனாவால் தட்டினார். பேனா பேரலில் படுவது தெரிந்தது. சத்தம் எதுவும் வரவில்லை.

"இன்னொரு தபா" என்றேன். இன்னொரு முறை தட்டினார். வாய் மட்டும் அசையும் ஊமைப்படம் மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, மணி மாதிரி" என்றார் கொழுந்தனார்.

"எனக்குக் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு."

"சித்தப்பா, நீங்க டிவியையே தெருவுக்குக் கேக்கற மாதிரி வெச்சுதான் பாக்கறீங்க" என்றாள் மகள். பிறகு என்னிடம், "அம்மா, போனு பேச்சை மட்டும்தான் அனுப்பும். இந்த மாதிரி சத்தத்தை இரைச்சல்னு நெனச்சு அழிச்சிடும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வேண்டியதே அந்தச் சத்தம். அதை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே எறிகிற போனை வைத்துக்கொண்டு துப்பாக்கி வாங்கச் சொல்கிறார்கள்.

கடைக்காரர் கொழுந்தனாரிடம், "சார், இன்னொரு பார்ட்டி கேட்டுட்டே இருக்காங்க. இன்னிக்கே புக் பண்ணா உங்களுக்கு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கெடு முடியப் பதினோரு நாள் இருந்தது. போனுக்கு எதிரே போய் நின்று, "நேர்ல வந்து காதால கேட்டுதான் வாங்குவேன்" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் வார்த்தை முழுசாக வந்தது.

போனை வைத்ததும் கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "இதை வுட்டா லைசன்சும் போச்சு, நிலமும் போச்சு. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

"இங்கிலீஷ் சாமான் அண்ணி."

"அவரு கையில வெடிச்சதும் இங்கிலீஷ் சாமான்தான்."

அந்தப் பேச்சை வீட்டுக்காரர் போன பிறகு இத்தனை வருடத்தில் யாரும் எடுத்ததில்லை. எடுத்தது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் கொழுந்தனார் எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. நாலாம் நாள் காலை ரயிலுக்கு நானும் மகளும் ஊரிகம் ஸ்டேஷனில் நின்றபோது இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "பொம்பளைங்க ரெண்டு பேரும் துப்பாக்கிக் கடைக்குப் போனா இன்னா நெனப்பாங்க" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

கடையில் அவர் சொன்னபடிதான் நடந்தது. "வாங்க சார், உக்காருங்க" என்று கடைக்காரர் அவருக்கு நாற்காலி போட்டார். நானும் மகளும் நின்றோம். வெல்வெட் துணியில் சுற்றி அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். கொழுந்தனார் எழுந்து, தோளில் சாய்த்து, கேட்டில் நின்ற மாதிரியே விறைப்பாக நின்றார். முகத்தில் இருபது வயது குறைந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"வாங்கறது நானுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மகள் வாயைத் திறந்தாள், நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினேன். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

"லைசன்சு என்னுது. எங்கிட்ட குடுங்க."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பேரலைக் கழற்றி என் கையில் கொடுத்தார், விளையாட்டுச் சாமானைக் குழந்தைக்குக் கொடுப்பது போல. நான் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கிணற்றில் கல் போட்டால் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிவது மாதிரி உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகப் போனது. வலது பேரலில் கடைசிவரை வட்டம் வட்டமாகவே இருந்தது. இடதில் பாதி தூரத்தில் ஒரு வளையம் கோணியது. திருப்பிப் பார்த்தேன், அதே இடத்தில் கோணல்.

பிறகு அடியில் இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டேன்.

"அந்த ஃபேனை நிறுத்துங்க" என்றேன்.

கடைக்காரர் என்னையும் ஃபேனையும் பார்த்தார். எழுந்துபோய் அவரே நிறுத்தினார். வெளியே ஆட்டோ ஒன்று போகும்வரை காத்திருந்தேன். விரலால் ஒரு சுண்டு சுண்டினேன்.

பொத்.

கை மாற்றித் தொங்கவிட்டு மறுபடி சுண்டினேன். அதே சத்தம், அதன் பின்னால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சின்ன ரீங்காரம். கொழுந்தனாரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்காலத்துல ஈரத்துக்கு அப்படித்தான் வரும்போல" என்றார் மெல்ல.

"வேணாங்க" என்று பேரலைக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

"அம்மா, நூறு வருஷத்துச் சாமான், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். போன வருஷம்கூட ஒருத்தர் இதுல சுட்டாரு."

"இப்ப அவருக்கு விரல் எத்தினி கீதுன்னு கேட்டீங்களா?"

எப்படி வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது. என் மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தத் துப்பாக்கி வெடித்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நான் படித்தவள் இல்லை, துப்பாக்கி செய்கிறவளும் இல்லை. வேறு யாராவது வாங்கி இருபது வருடம் சுட்டாலும் சுடலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்கு என் கையை ஈடாகக் கொடுக்க முடியாது. சந்தேகப்படுவதற்கு ஐந்தாவது வகுப்பே போதும்.

"கடைசிப் பக்கத்துல ஒண்ணு போட்டிருந்தீங்களே" என்றேன். "ஒரே ஒரு போட்டோ. இருட்டா இருந்துச்சு."

அவருக்குப் புரியப் பெங்களூர்த் தமிழில் மகள் விளக்க வேண்டியிருந்தது. "அதா?" என்றார். "அது பெல்ஜியம்மா. ஷோவுக்கு வைக்கிற பீஸ் இல்ல."

"நான் ஷோ காட்டப் போறதில்ல."

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துவந்தார். நாயும் இல்லை, பறவையும் இல்லை. கறுப்பு போய் இரும்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. கட்டை மெலிந்து பிடிக்குள் வரும் இடத்தில் எப்போதோ விரிசல் விட்டு, பித்தளைத் தகடு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கொழுந்தனார் அதைத் தொடக்கூட இல்லை. "இதத் தூக்கிக்கினு போனா பன்னியே சிரிக்கும் அண்ணி."

பேரலைக் கழற்றி வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஆங்காங்கே பொட்டுப் பொட்டாகக் கறை, ஆனால் வளையம் ஒன்றும் கோணவில்லை. விரலில் மாட்டிச் சுண்டினேன்.

அது பாட்டுக்கு ஒலித்தது. நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன், ஐந்து வரும்வரை சத்தம் இழுத்துக்கொண்டே போனது. கடைக்காரரும் தலையைச் சாய்த்துக் கேட்டார். பேரலை மறுபடி மாட்டி, மூடிப் பிடித்துக் குலுக்கினேன், ஆட்டம் இல்லை. தோட்டா அறையை அளந்து காட்டச் சொன்னேன். அளக்கிற கம்பியை விட்டுப் பார்த்து, இப்போதைய தோட்டா தாராளமாகப் போகும், பின்னாளில் யாரோ அறையைச் சரிசெய்து சோதனை முத்திரை வாங்கியிருக்கிறார்கள் என்று முத்திரையையும் காட்டினார். பித்தளை போட்ட இடத்தில் கட்டையையும் தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கடைக்காரர் முதல்முறையாகச் சிரித்தார்.

குறை இல்லாமல் இல்லை. முன் டிரிகர் இறுக்கம், என் விரலுக்கு இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. கட்டையும் எனக்குக் கொஞ்சம் நீளம். "சரி பண்ணித் தரலாம், ரெண்டு வாரம் ஆகும்" என்றார். எனக்கு மீதி இருந்தது ஏழு நாள். இறுக்கமான கதவையெல்லாம் திறந்து பழகியவள்தான், இழுத்துக்கொள்கிறேன் என்றேன்.

வேடிக்கை என்னவென்றால், எல்லா விற்பனையும் அவர்களுடைய ஆன்லைன் பக்கத்தில் பதிவாக வேண்டுமாம். அதனால் துப்பாக்கியை முன்னால் வைத்துக்கொண்டே என் மகள் போனில் கடைசிப் பக்கம் வரை தள்ளி, அந்த இருட்டுப் போட்டோவைத் தொட்டு வாங்கினாள். அவ்வளவு தூரம் ரயிலில் போய் ஆன்லைனில் வாங்கியது நாங்களாகத்தான் இருப்போம்.

கடைக்காரர் ரெஜிஸ்டரை எடுத்துக் கொழுந்தனார் பக்கம் திருப்பி வைத்தார். பழக்கம், வேறென்ன. கொழுந்தனாரும் பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டார். நான் கையை நீட்டினேன். ஒரு நொடி பேனா அவர் கையிலேயே இருந்தது. பிறகு கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டால் நேரமாகும், ஒவ்வொரு எழுத்தாக வரைவேன். அன்று அவசரப்படவில்லை. நம்பர், பேரல் அளவு, என் பெயர், எல்லாம் லைசன்ஸ் புத்தகத்திலும் ஏறியது. அதைப் பார்த்தபோதுதான் மூச்சு விட்டேன்.

கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கடை வாசலில் கொழுந்தனார், "குடுங்க அண்ணி, கனம்" என்று கை நீட்டினார்.

"இருக்கட்டும். லைசன்சு யார் பேருல கீதோ அவங்கதான் தூக்கணும்."

"நான் இன்னா எடுத்துக்கினு ஓடிடவா போறேன்?"

"சட்டம் தம்பி."

சட்டமும்தான். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். தோளில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தேன். நான் சுவரோரமாக நடக்கிறவள். அன்று பை நீளமாக இருந்ததால் ஓரமாக நடந்தால் தூணில் இடித்தது, நடுவிலேயே நடக்க வேண்டியிருந்தது. ரயிலில் எங்களூர்ப் பிள்ளைகள் வேலை முடிந்து ஏறினார்கள். ஒருவன், "இன்னா ஆயா, கேரம் போர்டு ஸ்டாண்டா?" என்று கேட்டான்.

"துப்பாக்கி" என்றேன்.

பெஞ்சில் மூன்று பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது.

கொழுந்தனார் எதிரே உட்கார்ந்து மாலூர் தாண்டும்வரை பையையே பார்த்துக்கொண்டு வந்தார். மகள் தூங்கிவிட்டாள். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணி, மொதல்ல சுடறப்ப நானும் நிலத்துக்கு வரட்டா?"

"வாங்க" என்றேன். "எனக்குப் பின்னாடி நில்லுங்க."